காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத டீசல் லாரி

எங்கள் லாரி பழைய வண்டி. ஆறு சிலிண்டர், டீசலை அடிப்பது மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும் எஞ்சின் அது. கொஞ்ச நாளாகக் காலையில் மட்டும் ஸ்டார்ட்டிங் ட்ரபிள். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. விடாமல் அடித்தால் ஒரு கட்டத்தில் இருமிக் குலுங்கி எழுந்துகொள்ளும். அதன்பிறகு நாள் முழுக்க எங்கே நிறுத்தி எடுத்தாலும் ஒரு தொந்தரவும் இல்லை.

கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது, "பேட்டரியை மாத்துங்க." அடுத்தது, "பம்பைக் கழட்டி சர்வீஸுக்குக் குடுங்க." இரண்டுமே பெரிய செலவு. ஒரு ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், செல்ஃப் அடிக்கும்போது வண்டி என்ன செய்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும்.

செல்ஃப் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. கண்ணைக் கரிக்கிற வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. சூடு போதவில்லை, கம்ப்ரஷன் (காற்றை நசுக்கும் அழுத்தம்) குறைந்துவிட்டது, அல்லது டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) தள்ளியிருக்கிறது. கறுப்பாக வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எங்கள் வண்டியில் கடைசி நொடி வரை புகையே இல்லை. அந்த ஒன்றே போதும், பேட்டரியை விட்டுவிட்டு டீசல் வரும் வழியைப் பார்க்க.

ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அதன் அளவில் 16-இல், 20-இல் ஒரு பங்காக நசுக்கும்போது பிறக்கிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் நசுங்கிய காற்று பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்துவிடும், சூட்டையும் சிலிண்டர் சுவர் இழுத்துக்கொள்ளும். அதனால் சுற்றும் வேகம் முக்கியம். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று செத்திருந்தால் அது இன்னொன்றையும் இழுத்துப் போட்டுவிடும். சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றிலும் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அப்புறம் எர்த் கேபிள் மாட்டியிருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே, செல்ஃப் சுற்றும்போதே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் துரு. நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தத் துருவை அப்படியே விட்டு வைப்பவர்கள் நிறைய. எங்களுக்கு இதெல்லாம் சரியாகவே இருந்தது.

உண்மையான துப்பு கொடுத்தவர் வண்டி ஓட்டும் அண்ணன். "தம்பி, மேட்டைப் பார்த்து நிறுத்துனா காலையில எடுக்க மாட்டேங்குது. இறக்கத்துல நிறுத்துனா உடனே எடுக்குது. டேங்க் ஃபுல்லா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். அவருக்கு நான் ரொம்பவே கடமைப்பட்டிருக்கிறேன். முகம் மேட்டைப் பார்த்து நின்றால் எஞ்சின் டேங்கைவிட உயரத்தில் இருக்கும். எங்காவது காற்று நுழைய வழி இருந்தால், ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் ஃபீட் பம்ப், அதாவது டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் சின்ன பம்ப், வெறும் காற்றைத்தான் இழுக்கும்.

மறுநாள் செல்ஃப் அடிப்பதற்கு முன், டீசலைக் கையால் இழுத்து ஏற்றும் கை பம்பை அழுத்திப் பார்த்தேன். ஆரம்பத்தில் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று போனது, பிறகு இறுகியது. இறுகியதும் சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்தது. குழாய் எங்கோ காற்றை உள்ளே இழுக்கிறது என்பது உறுதி.

ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு டீசல் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையிலான குழாயில் எஞ்சின் ஓடும்போது உறிஞ்சுதல்தான், அழுத்தம் கிடையாது. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓடும்போது போகிற கொஞ்சக் காற்றை ரிட்டர்ன் லைன் (மிச்ச டீசல் திரும்பும் குழாய்) டேங்குக்கே கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் பகலில் எதுவும் தெரியாது. ஒழுகுவதைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காத கோளாறு இது.

ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, ஃபீட் பம்பிலிருந்து தனிக் குழாயை அதில் விட்டு, ராத்திரி அப்படியே விட்டேன். கேனை டேங்க் உயரத்திலேயே வைக்க வேண்டும். மேலே தொங்கவிட்டால் டீசல் தானாக இறங்கி வந்து கோளாறை மறைத்துவிடும். காலையில் கை பம்பைத் தொடாமலேயே ஸ்டார்ட் ஆனது. ஃபீட் பம்பின் வால்வில் குறை இருந்தால் அப்படி எடுத்திருக்காது. ஆக, கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். பழைய குழாயைத் திரும்ப மாட்டி, இடையில் ஒரு துண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைச் சேர்த்து எஞ்சினை ஓட விட்டதும் அதில் குமிழி வரிசையாகப் போனது. டியூபை ஒவ்வொரு இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்திக்கொண்டே போனேன். குமிழி நிற்கும் இடத்துக்கும் அதற்கு முன் பார்த்த இணைப்புக்கும் நடுவில்தான் ஓட்டை.

சேஸிஸில் கிளிப் போட்டுப் பிடித்திருந்த ரப்பர் ஹோஸில் கிளிப்புக்கு அடியில் மெல்லிய வெடிப்பு. நேராக இருக்கும்போது தெரியாது, வளைத்தால் வாய் திறக்கும். ஹோஸை மாற்றி, அந்த வழியில் இருந்த செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டேன். ஃபில்டரில் காற்றை வெளியே விடும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பால் அடித்து, குமிழி இல்லாத டீசல் வந்ததும் இறுக்கி, பிறகு டீசலை அடிக்கும் பெரிய பம்பிலும் அதேபோல் செய்தால் உள்ளே இருந்த காற்று வெளியேறிவிடும்.

உங்களுடையது காமன் ரெயில் வண்டியாக (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் பீச்சும் புது வகை) இருந்தால் நாசில் பைப்பை, அதாவது இன்ஜெக்டருக்கு டீசல் போகும் பைப்பை, தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஓடும்போது அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கை போய்விடக்கூடிய காயம் அது. அத்தகைய வண்டி சூடாக இருக்கும்போது எடுக்க மறுத்தால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு பாட்டிலை மாட்டி எது அதிகம் கக்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வண்டியானாலும் செல்ஃபை ஒரே மூச்சில் 30 வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள், இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) உள்ள எஞ்சினில், சட்டென்று பற்றுவதற்காக அடிக்கும் ஈதர் ஸ்பிரேயை அடிக்கவே கூடாது. சூடான பிளக்கில் பட்டு அது நேரம் தவறி வெடித்தால் பிஸ்டன் உடையும்.