அளவுக் கோப்பை நாட்கள்

2025 ஜனவரி 8, புதன்

சின்னவனுக்குக் காய்ச்சல் தொடங்கி இன்று மூன்றாம் நாள். பிளட் ரிப்போட் வந்தது: பிளேட்லெட் 88,000. ஒன்றரை லட்சத்துக்கு மேலே இருக்க வேண்டுமாம். டெங்குதான், உடனே வாட்டில் போடுங்கள் என்றார் டொக்டர்.

ஓட்டோ கல்லடிப் பாலம் ஏறி இறங்கும் வரைக்கும் நான் ஒழுங்காக ஜெபிக்கவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று வாய்தான் அசைந்துகொண்டிருந்தது. வேதாகமத்தில் பிள்ளை கேட்டு ஜெபித்த அன்னாளின் உதடு அசைவதைப் பார்த்து ஆசாரியர் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தாரே, கண்ணாடியில் என்னைப் பார்த்த ஓட்டோக்காரத் தம்பியும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

ஜனவரி 9, வியாழன்

ஒரு பிளாஸ்டிக் கோப்பை தந்திருக்கிறார்கள், பக்கத்தில் கோடு போட்டது. குடிக்கிற ஜீவனி உப்புக் கரைசல், இளநீர் எல்லாம் அளந்து எழுத வேண்டும். மூத்திரமும் அப்படியே. மகன் 26 கிலோ. மணித்தியாலத்துக்கு 13 மில்லிக்குக் கீழே போனால் உடனே சொல்லுங்கள் என்றார் நர்ஸ் மிஸ். ராத்திரி முழுக்க கட்டிலடியில் குந்தியிருந்து, போன் வெளிச்சத்தில் கோட்டைப் பார்த்தேன். 20. பிறகு 18. இப்படியும் ஒரு இரா ஜெபம்.

ஜனவரி 10, வெள்ளி

காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. கர்த்தர் கேட்டுவிட்டார் என்று வீட்டுக்குப் போன் போட்டு அழுதேன். அரை மணித்தியாலத்தில் டொக்டர் வந்தார். காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனம், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், இனி 48 மணித்தியாலம் விடாமல் பார்க்க வேண்டும் என்றார். பீசீவி, அதாவது இரத்தம் தடிக்கிற அளவு, 36இலிருந்து 43க்கு ஏறியிருந்தது. பிளேட்லெட் 31,000.

அவசரப்பட்டு நன்றி சொன்னதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

ராத்திரி தம்பியின் நினைவு வந்தது. 2004இல், சுனாமி வந்த அன்று, நத்தாருக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, நாவலடியில் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போனவன். அன்றும் கேட்டேன், இதைவிட உரத்து. அவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை. போன மாதம்தான் 20 வருட நினைவுக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். கேட்கிறவர் என்று நம்பித்தான் இன்றும் அவரிடமே போகிறேன். ஆனால் அந்தக் கணக்கை நான் இன்னும் மூடவில்லை. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 11, சனி

மாமி போனில்: "விசுவாசம் இருந்தா இந்த ஊசியெல்லாம் என்னத்துக்கு புள்ள?" அடுத்த மூச்சில் பப்பாசி இலைச் சாறு அனுப்பட்டுமா என்கிறார்! அளக்காமல் எதையும் கொடுக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். வேதாகமத்தில் எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது அழுது ஜெபித்து ஆயுளில் 15 வருடம் கூட வாங்கினார். அப்படியும் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் போடச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசிதானே. இதை மாமியிடம் சொல்ல வாய் உன்னியது, சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாராம். என்னோடு வேலை செய்கிற காத்தான்குடிப் பிள்ளை, தன் உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறார் என்று மெசேஜ் போட்டிருந்தாள். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பின்னேரம் இவர் வந்தார். பிஎச்ஐ, சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்கு வந்து வளவைப் பார்த்தாராம். கிணற்றடியில், வாழைக்குப் பின்னால், நான் நத்தாருக்கு வாங்கி எறிந்த எருமைத் தயிர்ச் சட்டி. மாரி மழைத் தண்ணீர் பாதிக்கு நின்றதாம், அதற்குள் நுளம்புக் குடம்பி நெளிந்ததாம். பிள்ளையைக் காப்பாற்று என்று மூன்று நாளாக மேலே பார்த்துக் கேட்கிறேன், நுளம்பை வளர்த்தது நான்.

ஜனவரி 12, ஞாயிறு

விடிய நாலு மணிக்கு கோப்பையில் 90 மில்லி. அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபோது கை நடுங்கியது. மிஸ் சிரித்தார்: "கசிவு நிண்டுட்டு போல, அம்மா." இந்த முறை டொக்டர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அவரும் அதையே சொன்னார். அப்புறம்தான் அழுதேன்.

ஆனால் 17ஆம் கட்டில் பிள்ளையை இரவே ஐசியூவுக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தத் தாயும் என்னைப் போலத்தான் குந்தியிருந்து அளந்தாள். அவளுடைய சீப்பு இன்னும் அந்த ஜன்னலில் கிடக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பிளேட்லெட் 61,000, ஏறுமுகம். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டித் தந்தார்கள். வீட்டுக்கு வரும்போது தெருவெல்லாம் பொங்கல் வெடி. பக்கத்து வீட்டு அக்கா வாழையிலையில் பொங்கல் கொண்டு வந்தார், அவனும் நாலு வாய் தின்றான். மறுகா கேட்டான்: "அம்மா, தயிர் இல்லையா?"

இவர் என்னைப் பார்த்தார். சரி, போய் வாங்கி வந்தார். சட்டி வெறுமையானதும் கையோடு கழுவி, குசினிக்குள்ளே கவிழ்த்து வைத்தேன்.

படுக்குமுன் அந்தப் பிள்ளைக்காகக் கேட்டேன். பெயர் கேட்காமல் வந்துவிட்டேன். 17ஆம் கட்டில் என்றுதான் சொன்னேன்.