சைக்கிளும் பத்து வெள்ளியும்: கோலாலம்பூரில் ஒரு பகல்

கோலாலம்பூர் மோனோரயிலில் ஹங் துவா, மகாராஜாலேலா, துன் சம்பந்தன் என்று மூன்று நிலையங்கள் வரிசையாக வரும். சில நிமிடப் பயணம்தான். இரட்டைக் கோபுரம் பார்த்தாச்சு, பத்துமலை ஏறியாச்சு, அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மூன்று நிலையங்களைத்தான் சொல்வேன். எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்து டீக்கடைகளில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எல்லாரும் சமம் என்று கம்யூனிஸ்ட்காரர்கள் சொல்வது நடக்கிற காரியமா, இல்லை மேடைக்கு மட்டுமா? அந்தச் சண்டைக்கு வேண்டிய தீனி இந்தக் கொஞ்ச தூரத்துக்குள் கொட்டிக் கிடக்கிறது.

ஹங் துவாவில் இறங்கினால் பக்கத்திலேயே லாலாபோர்ட் என்ற ஜப்பானியப் பேரங்காடி. 2022இல் திறந்தது. அந்த இடத்தில்தான் முன்பு புடு சிறை இருந்தது. 1890களில் வெள்ளைக்காரன் கட்டிய சிறை. 1996இல் கைதிகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள், 2010இல் மதிலை இடித்தார்கள். பழைய நுழைவாயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். நான் போனபோது அதன் முன்னால் ஒரு சீன ஜோடி கல்யாணப் படத்துக்கு நின்றுகொண்டிருந்தது. மணப்பெண்ணின் வெள்ளை கவுன் தரையில் புரளாமல் தோழி ஒருத்தி தூக்கிப் பிடித்திருந்தாள்.

இந்தச் சிறையில்தான் 1949 மே 4 அன்று எஸ். ஏ. கணபதியைத் தூக்கிலிட்டார்கள். தம்பிக்கோட்டைக்காரர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். ஊரில் அவர் பெயர் ‘மலேயா கணபதி’. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், சாகும்போது வயது 37. குற்றச்சாட்டு, துப்பாக்கி வைத்திருந்தார் என்பது. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட்களை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் கொண்டுவந்த பிறகு ஆயுதத்தோடு பிடிபட்டாலே தூக்கு என்ற நிலை. கண்டெடுத்த துப்பாக்கியை ஒப்படைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. நேரு அரசு தலையிட்டும் பலிக்கவில்லை. மார்ச் முதல் தேதி ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் கைது, மே மாதம் கயிறு. தூக்குக்கு முதல் நாள்தான் அவருடைய சங்கத் தோழர் வீரசேனனை நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். மறு வருஷம், 1950 மே மாதம், மலாயாவிலிருந்து ஊர் திரும்பிய வாட்டாக்குடி இரணியனை நம் ஊர் போலீஸே சுட்டது. அப்போது வெள்ளைக்காரன் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. சங்கம் வைக்கிறவனைக் கண்டால் எந்தக் கொடிக்காரனுக்கும் ஆகாது போலிருக்கிறது.

பேரங்காடிக்குள் ஒரு சுற்று சுற்றினேன். என் கண்ணில் பட்ட வரையில் கணபதியின் பெயர் எங்கும் இல்லை. ஐஸ்கிரீமுக்கு மட்டும் நல்ல வரிசை.

இந்தச் சங்கத்துக்காரர்கள் அப்படி என்னதான் கேட்டார்கள்? இதற்குக் கணபதி காலத்துக்கும் முன்னால் போக வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர் ஆர். எச். நாதன். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் புரட்சி மாதிரியே இருக்காது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு. எங்கள் பெண்களிடம் வம்பு செய்யாதே. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ (தோட்டத்துக் குமாஸ்தா) எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி.

இதற்காகத்தான் நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கிச் சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த இயக்கம் கம்யூனிஸ்ட் இயக்கம்கூட இல்லை, தேசியவாதிகளின் கை ஓங்கிய இயக்கம். ஆனால் கூலிக்காரன் துரைக்குச் சமமாக சைக்கிளில் உட்கார்ந்தபடி போகலாம் என்பதே அன்றைக்கு ஆகாத பேச்சாக இருந்தது.

சரி, மறுபக்கத்தையும் பேச வேண்டும். ஊர் டீக்கடையில் என் கட்சி எப்போதும் சந்தேகக் கட்சிதான். மார்க்ஸ் 1875இல் எழுதிய வாசகம் எல்லாருக்கும் தெரியும்: அவரவர் திறனுக்கேற்ற உழைப்பு, அவரவர் தேவைக்கேற்ற பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. சீனாவில் 1958இல் கிராமங்களை கம்யூன்களாக்கி, வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் பொதுச் சாப்பாட்டுக்கூடம் வைத்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கில் மனிதர்கள் மாண்டார்கள். 1978இல் அன்ஹுய் மாகாணத்து சியாவ்காங் என்ற கிராமத்தில் 18 குடும்பக்காரர்கள் ராத்திரியில் ரகசியமாகக் கூடி, பொது நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு கைநாட்டு வைத்தார்கள். இதனால் யாராவது சிறைக்குப் போனால் அவர் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்றும் அதில் எழுதிக்கொண்டார்கள். சோவியத் யூனியனிலோ கூட்டுப்பண்ணை விவசாயிக்கு 1970களின் நடுப்பகுதி வரைக்கும் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டே உரிமையாகக் கிடைக்கவில்லை. நிலம் மக்கள் எல்லாருடையது என்று சட்டம் சொன்னது. அந்த நிலத்தை விட்டுப் போகத்தான் அவனால் முடியவில்லை.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். மனிதன் பேராசைக்காரன், அதனால்தான் சமத்துவம் தோற்றது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்கிற உரிமையை அந்த விவசாயிகளுக்கு யாரும் கொடுக்கவே இல்லை என்பதை யாரும் பேசுவதில்லை. மலாயாவிலும் ஒரு சோவியத் இருந்தது. ரவாங் அருகே பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1937இல் சுரங்கத்தையே கைப்பற்றி சோவியத், அதாவது தொழிலாளர் ஆட்சி, என்று அறிவித்தார்கள். போலீஸ் புகுந்து உடனே கதையை முடித்துவிட்டதால், விட்டிருந்தால் அது எப்படி ஓடியிருக்கும் என்று டீக்கடையில் ஆளாளுக்கு இஷ்டம்போல் கற்பனை செய்துகொள்ளலாம்.

மகாராஜாலேலாவுக்கு நடந்தே போனேன். மெர்டேக்கா 118 கோபுரம் தலைக்கு மேலேயே நிற்கிறது, 678.9 மீட்டர். அதைக் கட்டிய பெர்மொடாலான் நேஷனல் நிறுவனமும் ஒரு வகையில் சமத்துவக் கணக்கில் பிறந்ததுதான். 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, 1990க்குள் நாட்டின் பங்குச் சொத்தில் 30 சதவீதம் பூமிபுத்ராக்கள், அதாவது மலாய்க்காரர் முதலான மண்ணின் மைந்தர்கள், கையில் இருக்க வேண்டும் என்றது. அந்தப் பங்குகளை வாங்கிச் சேர்க்க 1978இல் இந்த நிறுவனத்தை அமைத்தார்கள். ஆனால் அங்கே சமமாக்கப் பார்த்தது இனங்களை. தோட்டத்துத் தமிழன் அந்தக் கணக்கில் வரவில்லை. இதை எழுதினால் நீளும், விடுவோம்.

நான் தேடிப் போனது ஜாலான் சுல்தான் சுலைமானில் இருக்கும் விஸ்மா துன் சம்பந்தன். கோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு வெகு சாதாரணமான பழைய அலுவலகக் கட்டடம். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களுக்கு இதன் உள்ளே இருக்கும் சோமா அரங்கம் நன்றாகத் தெரியும். புத்தக வெளியீடு என்றாலே பலருக்கு இந்த இடம்தான். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பொன்னாடை போர்த்திக்கொண்டவர்களில் எத்தனை பேர் இந்தக் கட்டடம் எப்படி வந்தது என்று யோசித்திருப்பார்களோ!

1957இல் சுதந்திரம் வந்ததும் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றால் இன்றைக்கும் அந்தத் தலைமுறைக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் வேலையோடு லயத்து வீடும் கோயிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்து போகும். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி (அங்கே பணத்தை வெள்ளி என்பார்கள்), மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய், சேருங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று பேசினார். கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பால்மரம் வெட்டுகிறவர்கள் காசு போட்டு பால்மரக் காட்டையே வாங்கியது கதையல்ல, நடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சம்பந்தன் கம்யூனிஸ்ட்டும் இல்லை, தொழிலாளியும் இல்லை. ரப்பர்த் தோட்டக்காரரின் மகன், மந்திரி, மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவர். அவர் பிறந்த சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் மூவரைக் கம்யூனிஸ்ட்கள் சுட்டுக் கொன்றதில்தான் 1948 அவசரகாலமே தொடங்கியது. உற்பத்திச் சாதனம் தொழிலாளி கைக்கு வர வேண்டும் என்று பேசிய கணபதியைத் தூக்கில் போட்டார்கள். பதினோரு வருஷம் கழித்து, அதில் ஒரு துண்டைச் சட்டப்படி, ரசீது போட்டு, தவணை முறையில் செய்து காட்டியவர் ஆளுங்கட்சி மந்திரி. ஒருவருக்கு ரயில் நிலையம், சாலை, கட்டடம் எல்லாம் கிடைத்தன. மற்றவருக்கு ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். சித்தப்பா காத்திருந்தார், கூடவே அவருடைய நண்பர் ஒருவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழையிலைச் சாப்பாடு, மொறுமொறுப்பாகப் பாகற்காய் வறுவல், மோர் மிளகாய். விஸ்மா பார்த்த கதையைச் சொன்னதும் மாமா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

“எங்கம்மா ஒரு பங்கு வாங்குச்சும்மா. மாசம் பத்து வெள்ளின்னா மூணு நாலு நாள் கூலி. அப்பாவுக்குத் தெரியாம கட்டுச்சு. வீட்டுக்கு யாரு வந்தாலும், எனக்குக் கெடாவுல தோட்டம் இருக்குன்னு சொல்லும். நாங்க இருந்தது சிலாங்கூர்ல. அந்தக் கெடா மலையை ஒரு தடவகூட அது பாத்ததில்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நாங்க இருந்த தோட்டத்தைக் கம்பெனிக்காரன் வீடமைப்புக்கு வித்துட்டான். இப்ப அது தாமான். லயத்த விட்டு வெளியாகச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சு. கெடாவுல முதலாளி, இங்க தலைக்கு மேல கூரை இல்ல. அம்மா அந்தப் பங்குப் பத்திரத்தை மட்டும் பிளாஸ்டிக் பையில சுத்தி எடுத்துக்கிட்டு வந்துச்சு.”

நான் இதைப் பற்றி ரொம்ப நேரம் யோசித்தேன். பங்கு உண்மை, தோட்டம் உண்மை. ஆனால் அந்த அம்மாளின் காலையை அது மாற்றவில்லை. அவர் வேறு ஒருவரின் தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மண்டோர் என்கிற மேஸ்திரி பேர் கூப்பிட்டால் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சொத்தில் சமம் வேறு, நிற்கிற நிலையில் சமம் வேறு.

சித்தப்பா அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவர். “மனுஷன் சுபாவத்துக்கு ஒத்துவராதும்மா. அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு?” என்றார். இந்த ஐந்து விரலை நான் கேட்காத டீக்கடை கிடையாது.

மாமா விடவில்லை. “எங்கப்பா துரையப் பாத்தா சைக்கிள விட்டு இறங்குவாரு. நான் இறங்கல. இதுக்கு என்ன பேரு வெப்பே?”

“அதைக் கம்யூனிஸ்ட்டா வாங்கிக் குடுத்தான்?”

“எவன் வாங்கிக் குடுத்தா என்னய்யா, இறங்கல இல்ல!”

நான் மாமா பக்கம்தான். சமத்துவம் மொத்தமாக வந்து இறங்கியதாக எந்த ஊரிலும் எனக்குத் தெரியவில்லை. சில்லறையாக வந்திருக்கிறது. வந்த பிறகு அதை யாரும் சமத்துவம் என்று சொல்வதில்லை, அப்போது அது சாதாரணம் ஆகிவிடுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று நடப்புக்கு வந்தது. 2025இல் அதை 1,700 ஆக்கினார்கள். அதற்காக வருஷக்கணக்கில் தெருவில் நின்றவர்களில் மலேசிய சோசலிசக் கட்சிக்காரர்களும் உண்டு. 2011இல் கம்யூனிசத்தை உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லித்தான் அக்கட்சிக்காரர்களைப் பினாங்கில் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

ஆனால் மாமாவிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சாம்பார் வாளியோடு நின்ற தம்பியைக் காட்டி, இவர்களுக்கும் அதே சம்பளம்தானே என்றேன். “அவனுங்க வேற, கான்ட்ராக்ட்ல வந்தவனுங்க” என்றார். 1941இல் சீனனுக்குச் சமமான கூலி கேட்டவர்களின் பேரன் அவர்.

அந்தத் தம்பி அறந்தாங்கிப் பக்கம். என் பேச்சைக் கேட்டதுமே “அக்கா பட்டுக்கோட்டையா?” என்றார். சாப்பிட்டு முடித்துச் சித்தப்பா பணம் கட்டப் போனபோது, வாசலில் வைத்து ஏஜென்டுக் கடன் எவ்வளவு என்று கேட்டேன். தொகையைச் சொல்லவில்லை. அறையில் இருக்கிற எட்டுப் பேரும் சீட்டு போட்டு அடைக்கிறார்களாம், தலைக்கு மாதம் நூறு வெள்ளி.

“ஏலச் சீட்டா, குலுக்கலா?”

“ரெண்டும் இல்லக்கா. யாருக்கு ரொம்ப அவசரமோ அவருக்கு முதல்ல. போன மாசம் ஒருத்தர் தங்கச்சிக்கு ஆபரேஷன், அவருக்குக் குடுத்தோம்.”

“ஏமாத்திட்டுப் போக மாட்டாங்களா?”

“ஒருத்தர் போனாருக்கா. வாங்கிட்டு நம்பரையே மாத்திட்டாரு. அதுலேருந்து ஊர்க்காரங்களை மட்டும்தான் சேக்குறோம். வங்காளி ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, நல்ல மனுஷன்தான். இன்னும் முடிவு பண்ணல.”