வாளும் துப்பாக்கியும்: சாமுராய் படங்கள் பார்த்த நாட்கள்

நவம்பர் 2, சனி

'ஏழு சாமுராய்' மறுபடியும். 1954-ல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா எடுத்தது, 207 நிமிடம். நீளமாக இருக்கிறதே என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய சண்டை எதுவும் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் படத்தின் உயிர். கொள்ளையர்களிடமிருந்து ஊரைக் காப்பாற்ற ஆள் தேடி நகரத்துக்கு வருகிற விவசாயிகளிடம் கூலியாகக் கொடுக்கச் சோற்றைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அந்த அரிசியையும் தங்கியிருந்த இடத்தில் யாரோ திருடிவிட, மிச்சம் பலகைத் தரையில் சிதறிக் கிடப்பதை விவசாயி யோஹெய் ஒவ்வொரு மணியாகப் பொறுக்குகிறான். கேமரா அவசரப்படாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் அங்கே தங்கியிருக்கிற கூலியாள் ஒருவன் சோற்றுக் கிண்ணத்தை, அவர்கள் உதவி கேட்கிற சாமுராய் காம்பெய் முன்னால் நீட்டி, இவர்கள் சிறுதானியத்தைத் தின்றுகொண்டு உங்களுக்கு அரிசிச்சோறு போடுகிறார்கள் என்று கோபத்தோடு சொல்கிறான். காம்பெய் அதை வாங்கிக்கொண்டு, இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். காம்பெய்யாக நடிக்கிற தகாஷி ஷிமுரா குரலை உயர்த்தவே இல்லை. வீரம் என்று இந்தப் படம் எதைச் சொல்கிறதோ அது அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இந்த முறை கவனித்தது வேறு. ஊரைக் காக்க வருகிற ஏழு சாமுராய்களில் நான்கு பேர் சாகிறார்கள், நான்கு பேரையும் கொல்வது துப்பாக்கி. வாள்வெட்டில் ஒருவர்கூட விழவில்லை. வாளில் அவனை மிஞ்ச ஆளே இல்லை என்று நாம் நம்பி உட்கார்ந்திருக்கிற கியூசோ, கொள்ளைக் கூட்டத் தலைவன் குடிசைக்குள் ஒளிந்துகொண்டு சுட்டதில் மழைச்சேற்றில் விழுகிறான். எதிரியின் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

நேற்றுப் பார்த்ததன் ஹாலிவுட் வடிவம், 'தி மேக்னிஃபிசென்ட் செவன்', 1960, ஜான் ஸ்டர்ஜஸ். அப்பாவுக்கு குதிரையும் தொப்பியும் இருந்தால் போதும், கூட வந்து உட்கார்ந்துவிட்டார். "இதுலயே எல்லாம் இருக்கேடா, அதுக்கு எதுக்கு மூணரை மணி நேரம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி, உடனே பதில் சொல்ல வரவில்லை.

படம் நன்றாகவே இருக்கிறது. எல்மர் பெர்ன்ஸ்டைன் இசை இன்றைக்கும் ஆளை எழுப்பி உட்கார வைக்கிறது. ஈலை வாலக்கின் கொள்ளைத் தலைவன் கல்வேரா வாய் ஓயாமல் பேசுகிறான், நமக்கு அவனைப் பிடித்தும் போகிறது. குரோசாவாவின் கொள்ளையர்களுக்கு முகமே சரியாகக் கிடையாது, அவர்கள் ஒவ்வொரு அறுவடைக்கும் வருகிற ஒரு பேரழிவு, அவ்வளவுதான். இறுதியில் ஜெயித்தது விவசாயிகள்தான், நாம் தோற்றுவிட்டோம் என்கிற பேச்சையும் ஸ்டர்ஜஸ் அப்படியே வைத்திருக்கிறார்.

ஆனால் வாள் இருந்த இடத்தில் துப்பாக்கி வந்ததும் கதையின் அடித்தளமே மாறிவிடுகிறது. ஜப்பானியப் படத்தில் துப்பாக்கி வெளியிலிருந்து வந்த பொருள், ஒரு வர்க்கம் ஆயுள் முழுக்கப் பழகிய கலையை விரலசைவில் முடித்துவிடுகிற பொருள். இங்கே அது நாயகர்களின் சொந்த ஆயுதம். அவர்கள் செத்தாலும் அவர்களுடைய கலை சாகவில்லை. கியூசோவின் இடத்தில் வருகிற ஜேம்ஸ் கோபர்ன் மட்டும் முதல் காட்சியில் துப்பாக்கிக்காரனைக் கத்தி வீசி ஜெயிக்கிறார். பழைய படத்தின் துக்கம் அந்த ஒரு ஆளிடம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அடுத்த வாரம் அந்தப் பெரிய படத்தைப் போடு, பார்க்கலாம்" என்றார்.

நவம்பர் 6, புதன்

வேலை முடிந்து 'ஏழு சாமுராய்' படத்திலிருந்து ஒரே ஒரு காட்சி. குழந்தையைப் பிடித்து வைத்திருக்கும் திருடனை காம்பெய் குடிசைக்குள் வெட்டுகிறார், வெளியே ஓடிவருகிற அவன் மெதுவியக்கத்தில் சரிகிறான். அமெரிக்க இயக்குநர்கள் ஆர்தர் பென் 1967-லும் சாம் பெக்கின்பா 1969-லும் சாவை இப்படி இழுத்து நீட்டிக் காட்டியபோது ஹாலிவுட்டே அதிர்ந்தது. குரோசாவா காட்டுவது சில நொடிதான். அதோடு செத்தவனை விட, கூடிநின்று பார்க்கிற ஊர்க்காரர்களின் முகம்தான் எனக்கு மனதில் நிற்கிறது.

நவம்பர் 8, வெள்ளி

குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961), அதைத் தொடர்ந்து இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964). ஒரே இரவில் இரண்டையும் பார்த்தால் காட்சிக்குக் காட்சி ஒட்டுவது தெரியும். ஊருக்குள் இரண்டு கும்பல், நடுவில் பெயரில்லாத ஒருவன், இரண்டு பக்கமும் காசு வாங்கி இரண்டையும் மோதவிட்டு அழிக்கிறான். லியோனி அனுமதி வாங்கவில்லை. 'யோஜிம்போ'வைத் தயாரித்த தோஹோ நிறுவனம் வழக்குக்குப் போய், இறுதியில் உலக வசூலில் 15 சதவீதமும் ஜப்பான் உள்ளிட்ட சில நாடுகளின் விநியோக உரிமையும் கொடுத்துத்தான் சமரசம் ஆனது. அமெரிக்கத் திரைக்கு அந்தப் படம் 1967-ல்தான் வந்தது. உரியவருக்கு உரியது போய்ச் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதே சமயம், குரோசாவாவே அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் வெஸ்டர்ன்களை, அதாவது கௌபாய் படங்களைக் கொண்டாடியவர், 'யோஜிம்போ'வுக்கு அமெரிக்கக் குற்றப் படம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டதையும் ஒப்புக்கொண்டவர். போக்குவரத்து இரு பக்கமும் இருந்திருக்கிறது.

இங்கேயும் துப்பாக்கிதான். 'யோஜிம்போ'வில் ஊரிலேயே ஒரே ஒரு கைத்துப்பாக்கி, அது வில்லனாக வருகிற தத்சுயா நகாதாயின் கிமோனோவுக்குள் இருக்கிறது. அந்த அழகான முகமும் அந்த ஒற்றை ஆயுதமும் சேர்ந்து ஊரையே மிரட்டுகின்றன. நாயகன் தோஷிரோ மிஃபூனே கத்தியை வீசித் துப்பாக்கிக் கையைச் செயலிழக்க வைத்த பிறகுதான் வாளுக்கே வேலை வருகிறது. லியோனியின் நாயகனிடமே கைத்துப்பாக்கி இருப்பதால், எதிரியின் கையில் ரைஃபிளைக் கொடுத்து, நாயகன் நெஞ்சில் இரும்புத் தகட்டைக் கட்டிச் சமாளித்திருக்கிறார். அற்புதமான சமாளிப்பு, பார்க்கும்போது கைதட்டினேன். ஆனால் மிஃபூனே தோளைக் குலுக்கிக்கொண்டு நடந்துவருகிற அந்தத் தனிமைக்கு ஈடாக லியோனியின் நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டிடம் எதுவும் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தங்கை 'ஸ்டார் வார்ஸ்' பைத்தியம். குரோசாவாவின் 'மறைவிடக் கோட்டை'யை (1958) போட்டதும், முதல் காட்சியில் இரண்டு விவசாயிகள் சண்டை போட்டுக்கொண்டே வெட்டவெளியில் நடப்பதைப் பார்த்து, "அண்ணா, இது அந்த ரெண்டு ரோபோ!" என்று கத்திவிட்டாள். 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸே சொன்ன விஷயம்தான், கதையை மிகச் சாதாரணமான இரண்டு பேரின் கண் வழியாகச் சொல்வதை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன் என்று.

அந்தக் கடனை லூகாஸ் திருப்பியும் கொடுத்தார். பணம் கிடைக்காமல் குரோசாவா தவித்துக்கொண்டிருந்த காலத்தில், லூகாஸும் இன்னொரு அமெரிக்க இயக்குநர் கொப்போலாவும் ஹாலிவுட் நிறுவனத்தின் பணத்தைப் பெற்றுத்தந்ததால்தான் 'ககேமுஷா' (1980) முழுமையானது. கான் விழாவில் தங்கப்பனை விருதும் பெற்றது. அந்தப் படமே முழுக்க முழுக்கத் துப்பாக்கியைப் பற்றியது. 1575 நாகஷினோ போரில் தகேதா குலத்தின் குதிரைப்படை அலை அலையாகப் பாய்கிறது, எதிரில் துப்பாக்கி வரிசை. குண்டடிபட்டு விழுவதை குரோசாவா காட்டவில்லை. பாய்வதைக் காட்டுகிறார், சுடுவதைக் காட்டுகிறார், பார்க்கிறவர்களின் முகத்தைக் காட்டுகிறார், அப்புறம் களத்தில் எழ முடியாமல் துடிக்கிற குதிரைகளை. தங்கை அங்கே எழுந்து போய்விட்டாள், நான் நிறுத்தவில்லை.

நவம்பர் 16, சனி

மசாகி கோபயாஷியின் 'ஹராகிரி', 1962. நான் பார்த்த சாமுராய் படங்களில் உச்சம் இதுதான். இதை வெஸ்டர்ன் ஆக்க முடியுமா என்று யோசித்தேன், வழி தெரியவில்லை. போர்கள் ஓய்ந்து, எஜமானர்களை இழந்த சாமுராய்கள் தெருவுக்கு வந்துவிட்ட 1630. வறுமையில் வாளை விற்றுவிட்டு உறையில் மூங்கில் வாள் வைத்திருந்த ஓர் இளைஞனை, அதே மூங்கிலால் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைக்கிறது ஒரு பெரிய பிரபுவின் வீடு. மூங்கில் வயிற்றில் இறங்க மறுக்கிற அந்தக் காட்சியை நான் ஒவ்வொரு முறையும் பாதிதான் பார்க்கிறேன். அவனுக்காகக் கணக்குத் தீர்க்க வருகிற நகாதாய், கௌரவம் கௌரவம் என்று பேசுகிற அத்தனை பேரையும் தனி ஆளாகத் திணறடிக்கிறார். வாளால் முடியாமல், மானமே பெரிது என்ற அந்த வீடு துப்பாக்கிகளைக் கொண்டுவருகிறது. பிறகு தங்கள் பதிவேட்டில் அவர் முறைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்ததாக எழுதிவைக்கிறது.

யாராவது சாமுராய் படங்களை முதன்முதலாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதில் தொடங்க வேண்டாம். 'யோஜிம்போ'வில் தொடங்குங்கள், பிறகு 'ஏழு சாமுராய்', அதற்கப்புறம் இது. அப்பா நாளைக்கு அந்த 207 நிமிடத்துக்குத் தயாராம், நடுவில் காபிக்கு மட்டும் நிறுத்த வேண்டுமாம்.