ஃப்ளெக்ஸ் கேபிள் ஒரு வழியாக வாயை மூடியது

என் ரிமோட் கன்ட்ரோல் படகில் 4எஸ் பாட்டரி (தொடராக நான்கு செல்), முழு த்ராட்டில். மோட்டாரின் சுழற்சியை ப்ராப்புக்கு (புரொபெல்லர்) கொண்டுபோகும் ஃப்ளெக்ஸ் கேபிள் போடும் அந்தக் 'கர்ர்ர்' சத்தம் இல்லை. ஜி.பி.எஸ். காட்டிய உச்ச வேகம் மணிக்கு 66 கி.மீ. இதைவிட வேகமாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு என்று தெரியும். எனக்கு அந்தச் சத்தம் நின்றதுதான் பெரிது. அதை நிறுத்த நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படகு 80 செ.மீ. டீப்-வீ (அடிப்பக்கம் ஆழமான V வடிவம்), ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடு, 3660 மோட்டார் (36 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம்), 2070 கேவி (பளு இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2070 சுற்று). மோட்டாரை மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இல்லை. 3எஸ்-ல் அது நிமிடத்துக்கு 23,000 சுற்றுதான் சுற்றியது. இந்த அளவுப் படகுக்கு 28,000 முதல் 35,000 வரை இருந்தால்தான் படகு தண்ணீரை விட்டு எழும்பி ஓடும். 4எஸ்-ல் கணக்குப்படி 30,600. சரியாக நடுவில் வந்து உட்காருகிறது. பழைய 60 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) 3எஸ்-க்கு மேல் தாங்காது என்பதால் ஹாபிவிங் சீக்கிங் 120 ஆம்பியர் போட்டேன். முதல் வேலையாக ரிவர்ஸை அணைத்துவிட்டேன். காரணம் கீழே வரும்.

ஒரு செல் கூடினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அதே ப்ராப்பைத் தண்ணீரில் சுழற்ற வேண்டிய பவர், ஏறத்தாழ சுற்று வேகத்தின் முப்படிக்கு ஏறும். 3-லிருந்து 4-க்குப் போனால் 2.37 மடங்கு. முறுக்குவிசை மட்டுமே 1.78 மடங்கு. அத்தனையும் அந்த ஒல்லிக் கேபிள் வழியாகத்தான் போக வேண்டும். படகோடு வந்த 4 மி.மீ. கேபிள் 3எஸ்-ல் சமர்த்தாக இருந்தது. 4எஸ் ஏற்றியதும் குழாய்க்குள் சாட்டையடிக்க ஆரம்பித்துவிட்டது. லைனர் (குழாய்க்குள் போடும் டெஃப்லான் உள்ளுறை) கிடையாது, வெறும் பித்தளைக் குழாய். அதுவும் தொழிற்சாலையிலேயே ஓர் இடத்தில் சப்பையாக வளைத்து அனுப்பியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் முழுக்கக் கறுத்துப்போய், பித்தளைத் தூள் மின்னுகிறது.

சரி, 4.76 மி.மீ. கேபிளுக்குப் போய்விடலாம் என்று ஆர்டர் போட்டேன். இங்கே ஒரு புலம்பல். உள்ளூர் விற்பனையாளர் ஒருவர் அனுப்பியது எதிர்ச்சுற்றுக் கேபிள். இரட்டை மோட்டார் படகில் இன்னொரு பக்கத்துக்குப் போடுவது. போன் பண்ணினால் "எல்லாம் ஒண்ணுதானுங்க சார், எந்தப் பக்கம் சுத்துனா என்ன" என்கிறார். ஒன்றே இல்லை! கேபிளின் வெளிச்சுற்றுக் கம்பிகள் மோட்டார் முறுக்கும்போது இறுக வேண்டும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் பிரிந்து, பருத்து, குழாயைப் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸை அணைத்ததும் இதற்காகத்தான். வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். இரு முனையையும் பிடித்து, மோட்டார் முறுக்கும் பக்கமாக விரலால் முறுக்கிப் பாருங்கள். இறுகினால் உங்களுடையது.

சரியான கேபிள் வந்ததும் அடுத்த தலைவலி, குழாய். லைனர் போட இடம் வேண்டுமென்றால் 9/32 அங்குலக் குழாய், மெல்லிய சுவர். கோயம்புத்தூரில் பித்தளைக் குழாய்க்குப் பஞ்சமில்லை, ஆனால் கிடைப்பதெல்லாம் கனத்த சுவர். மெல்லியதை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தேன். அதை நசுங்காமல் வளைப்பதுதான் இந்த வேலை முழுவதிலும் என் பொறுமையைச் சோதித்தது. ஸ்பிரிங் செருகி வளைத்தால் ஸ்பிரிங் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வெறும் கையால் வளைத்தால் பட்டென்று மடிகிறது.

பெரியகடை வீதிப் பக்கம் நகைப்பட்டறை வைத்திருக்கும் நண்பர்தான் வழி காட்டினார். "அடிச்சு வளைச்சா பித்தளை கோவிச்சுக்குமுங்க. முதல்ல சூடு பண்ணித் தண்ணியில போடுங்க, அப்புறம் வளைங்க" என்றார். இரும்புக்கு நேர் எதிர் இது. கத்தி இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும், பித்தளை இளகும். இருட்டான இடத்தில் வைத்து, மங்கிய சிவப்பு தெரியும்வரை ஊதுகுழல் தீயைக் குழாய் நெடுகக் காட்டினார். மெல்லிய குழாய் என்பதால் ஒரே இடத்தில் தீயை நிறுத்தினால் உருகிவிடும், கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆறிய பிறகு உள்ளே நிரப்ப எல்லாரும் மணல் சொல்வார்கள். நான் வறுத்த தூளுப்பு போட்டேன். மணல் ஒரு பொடி மிஞ்சினாலும் லைனரை அரித்துவிடும், உப்பு தண்ணீர் விட்டால் கரைந்து ஓடிவிடும். நன்றாகத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையையும் மரக்குச்சியால் அடைத்து, அட்டையில் வரைந்த கோட்டின்மேல் வைத்து, பெயின்ட் டப்பாவைச் சுற்றி மெதுவாக வளைத்தேன். பாதியில் மறுபடி விறைக்கத் தொடங்கினால் உப்பைக் கொட்டிவிட்டு இன்னொரு சூடு. வேலை முடிந்ததும் உப்பு துளியும் இல்லாமல் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் பித்தளை பச்சை பிடிக்கும். டெஃப்லான் லைனரைக் கடைசியில்தான் நுழைக்க வேண்டும். அதன்மேல் தீ படக் கூடாது, அந்தப் புகை ஆகாது.

வளைவு எப்படி இருக்க வேண்டும்? மோட்டாரிலிருந்து வெளியேறும்போது கொஞ்ச தூரம் நேர், பிறகு நீளமான மென்மையான வளைவு, ஸ்ட்ரட்டுக்குள் (படகின் பின்பக்கம் ப்ராப் தண்டைத் தாங்கும் பிடி) நுழையும் முன் மறுபடி நேர். கிரீஸ் போடாத கேபிள் தன் கனத்திலேயே குழாய்க்குள் வழுக்கி இறங்கினால் வளைவு சரி. என்னுடையது இறங்கியது. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாரும் பெரிதாக அசரவில்லை.

கேபிளை அளவுக்கு வெட்ட ஹாக்ஸா பக்கமே போகாதீர்கள், நுனி பூவாக விரிந்துவிடும். வெட்டும் இடத்தில் சூப்பர் க்ளூ ஊற விட்டு, காய்ந்ததும் வெட்டுச் சக்கரத்தால் அறுத்தால் சுத்தமாக வரும். மோட்டாரையும் கேபிளையும் இணைக்கும் பழைய கப்ளரில் தலையில்லாத இரண்டு கிரப் ஸ்க்ரூதான் பிடி, அது 4எஸ்-க்கு வழுக்கியது. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் 5 மி.மீ. மோட்டார் ஷாஃப்டுக்குக் கோலெட் (சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கிப் பிடிக்கும் கப்ளர்) கடைந்து வாங்கினேன். இரு துளைகளும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு முறை சொன்னதும் பிடித்துக்கொண்டார். பம்ப் வேலை பார்த்த கை.

எல்லாவற்றையும்விட முக்கியமான தந்திரம் குழாயைக் கடைசியில் ஒட்டுவது. மோட்டார், கோலெட், கேபிள், ஸ்ட்ரட் எல்லாவற்றையும் முதலில் பூட்டிவிடுங்கள். குழாய் தனக்கு வசதியான இடத்தில் தானே படுத்துக்கொள்ளட்டும். அங்கங்கே ஹாட் க்ளூ வைத்து, மெதுவாக மோட்டாரை ஓடவிட்டுக் காதால் கேளுங்கள். சத்தம் வந்தால் ஒரு பொட்டை உருக்கி, அரை மில்லிமீட்டர் நகர்த்தி, மறுபடி கேளுங்கள். அமைதியான பிறகுதான் அரால்டைட். மெதுவாக இறுகும் வகைதான் வேண்டும், ஐந்து நிமிட வகை வேண்டாம்.

ப்ராப்பைப் பிடித்துச் சுழற்றும் டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே 4 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறேன். முறுக்கு ஏறும்போது கேபிள் நீளம் குறையும். இடைவெளி இல்லாவிட்டால் டாக் போய் ஸ்ட்ரட்டில் உரசி, ஆம்பியர் ஏறி, இஎஸ்சி கொதிக்கும். இஎஸ்சி மோசம் என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடைவெளியைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

ப்ராப் ஆக்டுரா எக்ஸ்442. 42 மி.மீ. விட்டம், பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) விட்டத்தைப்போல் 1.4 மடங்கு. அதாவது வழுக்கலே இல்லையென்றால் ஒரு சுற்றுக்கு 58.8 மி.மீ. அந்தக் கணக்கில் மணிக்கு 108 கி.மீ. வர வேண்டும், கிடைத்தது அதில் 61 சதவீதம். பளு ஏறும்போது குறையும் சுற்றும் இதில் சேர்த்தி. ப்ராப் தீட்டாமல், பேலன்ஸ் செய்யாமல்தான் வரும். தீட்டும்போது தண்ணீர் விட்டே தேய்க்கவும். அது பெரிலியம் காப்பர், தூள் நுரையீரலுக்குள் போனால் விளையாட்டில்லை.

ஓட்டுவதற்கு உக்கடம், சிங்காநல்லூர் பக்கமெல்லாம் ஆகாயத்தாமரை. ஒரு தண்டு ப்ராப்பில் சுற்றினால் மேலே எழுதிய எல்லாம் வீண். அதனால் தெரிந்தவர் தோட்டத்துப் பண்ணைக்குட்டைதான் இப்போது என் கடல். கரை முழுக்க பிளாஸ்டிக் ஷீட், பாசி பிடித்து வழுக்கும். கயிறு கட்டாமல் படகை எடுக்க இறங்காதீர்கள், பலர் உயிரை வாங்கிய குட்டைகள் அவை. 5000 எம்ஏஎச் பாட்டரியில் நான்கு நிமிடம் ஓட்டிவிட்டுக் கரையேற்றிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் கேபிளை உருவித் துடைத்து, புது கிரீஸ் தடவித்தான் அடுத்த ஓட்டம். இப்போது கிரீஸ் வெளுப்பாகவே வருகிறது.

ட்ரிம் டேப் (படகின் சாய்வைச் சரிசெய்யும் பின்பக்கத் தகடு) இன்னும் சரிசெய்யவில்லை. அரை த்ராட்டிலில் மூக்கு ஆடுகிறது. பாட்டரியை இரண்டு விரல் முன்னே தள்ளினால் குறையும் என்று நினைக்கிறேன். அது முடிவதற்குள் மனசு இரட்டை அடிப்பாகம் கொண்ட 6எஸ் கேடமரானுக்குப் போய்விட்டது, ஓடு விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் ஒற்றை மோட்டார்தான். ஆகவே அந்த எதிர்ச்சுற்றுக் கேபிள் சும்மா கிடக்கிறது. 4.76 மி.மீ., பெட்டி பிரித்தது மட்டும்தான். இரட்டை மோட்டார்க்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், எக்ஸ்440 ப்ராப் ஒன்று கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம்.