காட்டுக்கோழி இறகு

போன செப்டம்பர்ல ஸ்காட்லாந்துல அக்கா வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டு வந்தேன். அக்கா பெர்த்ல நர்ஸ், வீட்டுலருந்து நடந்தே டே ஆத்துக்குப் போயிடலாம், அக்காவும் அத்தானும் டியூட்டிக்குக் கிளம்புனதும் நான் ஆத்தோரம் போய் உக்காந்துருவேன், ஏன்னா அந்த மாசத்துல கடல்லருந்து சால்மன் மீன் ஏறும்.

அங்க இடுப்பளவு தண்ணியில நின்னு ஒரு பெரியவர் தினமும் தூண்டில் வீசுவார். பதினஞ்சு அடி கம்பு, ரெண்டு கையாலயும் பிடிக்கணும். நம்மூர் தூண்டில்ல ஈயக்குண்டுதான் நரம்பை இழுத்துட்டுப் போகும், இதுல நரம்புதான் கனம், நுனியில இருக்குற ஃப்ளைக்கு, அதாவது கொக்கியில இறகு கட்டிச் செய்யுற போலிப் பூச்சிக்கு, எடையே கிடையாது. கரையில மரம் அடைச்சு நிக்குறதால நரம்பை முதுகுக்குப் பின்னாடி போக விடாம தண்ணி மேலயே ஒரு சுழட்டு சுழட்டி வீசுறார், ஸ்பே ஆத்துல பொறந்த வீச்சு, அதனால பேரே ஸ்பே காஸ்ட்.

மூணாவது நாள் கரைக்கு வந்து ஃப்ளை டப்பாவைத் திறந்து காட்டுனார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. கொக்கி ரெண்டு பக்கமும் கறுப்பு இறகு, நுனியில மெழுகு உருக்கி விட்டாப்ல பளபளன்னு மஞ்சப் புள்ளி. எங்க காட்டுக்கோழி சேவலோட கழுத்து இறகு! மூணார் லயத்துல பொறந்தவன் நான், விடியக்காலம் தேயிலைக்குள்ள அது கூவுறதைக் கேட்டுத்தான் எந்திரிச்சிருக்கேன். அந்தப் புள்ளி மீன் கண்ணு மாதிரி தெரியுங்கிறதுக்காக ஒரு காலத்துல நம்ம காட்டுலருந்து இந்தப் பறவையை ஏகத்துக்குப் பிடிச்சு தோலோட கப்பல் ஏத்தியிருக்காங்க. அந்த ஏற்றுமதியெல்லாம் நின்னு போச்சு, 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளயும் வந்துருச்சு. அவர்கிட்ட இருந்தது அங்கயே வளர்த்த சேவலோட இறகாம்.

இதுல இன்னொரு விஷயம், ஆத்துக்குள்ள ஏறுன சால்மன் இரை எடுக்காது. முட்டை போடணும்னு மட்டுந்தான் வருது, அப்புறம் எதுக்கு ஃப்ளையைக் கடிக்குது? கோவமா, சின்ன வயசுப் பழக்கமான்னு அந்தப் பெரியவருக்கே தெரியல.

ட்ரவுட் மீன் அப்படியில்ல, அது திங்கத்தான் வரும், அந்த நேரம் தண்ணி மேல என்ன பூச்சி பறக்குதோ அதே மாதிரி ஃப்ளை கட்டணும். இது எனக்குத் தாத்தா சொல்லித் தெரியும். வெள்ளக்காரத் தொரைங்க தூண்டில் போடுறதுக்காகவே எங்க மலைக்கு ட்ரவுட்டைக் கொண்டுவந்தாங்க, ராஜமலைப் பக்கம் குஞ்சு பொரிக்கிற எடத்துல தாத்தாவுக்கு வேலை. பத்து டிகிரி தண்ணின்னா முட்டை பொரிக்க ஒரு மாசம் ஆகும், செத்த முட்டை வெள்ளையா மாறிடும், அதைத் தினமும் ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுக்கணும், இல்லன்னா பூஞ்சை புடிச்சு பக்கத்து முட்டையும் போயிரும். மார்கழிக் குளிர்ல விரல் மரத்துப்போற தண்ணியில அந்த வேலையைச் செஞ்சவர் அவர். தூண்டில் போட்டவங்களைப் பத்திப் பேசுறப்பல்லாம் எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த விரல்தான்.

மேல சோலையும் புல்வெளியும் இருக்குறதாலதான் இன்னும் அந்தத் தண்ணி குளிர்ச்சியா ஓடுது. ராஜமலை இருக்குற எரவிகுளம் 1978ல நேஷனல் பார்க் ஆயிருச்சு, நினைச்ச உடனே தூண்டிலோட போயிட முடியாது, எனக்கு அது சரின்னுதான் படுது. அங்கருந்து கிழக்க இறங்குற தண்ணி பாம்பாத்துல சேர்ந்து மறையூர் வழியா அமராவதி ஆத்துக்குப் போகுது, ட்ரவுட் கூடவே இறங்காது, கீழ வெக்கையில தாங்காது.

ஸ்காட்லாந்துலயும் நிலைமை லேசா இல்ல. 2023ல பிரிட்டன் சால்மனை அழியுற ஆபத்துல இருக்குற பட்டியல்ல சேர்த்துட்டாங்க. டே ஆத்துல சீசன் ஜனவரி 15லருந்து அக்டோபர் 15 வரைக்கும், அதுல ஏப்ரலுக்கு முன்னாடி எது மாட்டுனாலும் திரும்ப விட்டே ஆகணும், சட்டம். அந்தப் பெரியவர் எந்த மாசமானாலும் விட்டுருவாராம்.

ஊருக்கு வந்து ரெண்டாவது வாரம் வாகுவரை ரோட்டுல விடியக்காலம் ஒரு சேவல் குறுக்க நடந்துச்சு, வெயில் பட்டு கழுத்துப் புள்ளியெல்லாம் மினுங்குது. போட்டோ எடுத்து அத்தானுக்கு அனுப்புனேன், அந்தப் பெரியவரைப் பாத்தா காட்டுங்கன்னு. சீசன் முடிய ரெண்டு நாள் இருக்குறப்ப ஆத்தோரம் போய்க் காட்டியிருக்கார். கையைத் தொடச்சுட்டு ஃபோனை வாங்கி, ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாராம்.