மூடி மூடித் திறந்த தழும்பு

2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் மியான்மரின் யாங்கூனில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வயிற்றில் நான்கு சிறு துளைகள் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் தன்லினில் உள்ள வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்தாம் நாள் தையலையும் பிரித்தாயிற்று. பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். உளுந்து வரத்துக் காலத்துக்கு முன்பே எழுந்து நடமாட முடிந்ததே என்று, கேட்டவர்களிடமெல்லாம் அந்த மருத்துவமனையைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் தொப்புளுக்குச் சற்று மேலே, ஆறிப்போன தழும்பின் ஓரத்தில், பட்டாணி அளவில் ஒரு முண்டு தோன்றியது. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. நான்கைந்து நாளில் அது தானாக உடைந்து, அரிசி களைந்த தண்ணீர்போல் நீர்த்த சீழ் கசிந்தது. அதில் வாடைகூட இல்லை. லுங்கியின் முடிச்சு சரியாக அந்த இடத்தில்தான் விழும். மாலையில் அவிழ்க்கும்போது முடிச்சின் உட்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் கறை படிந்திருக்கும். அன்றிலிருந்து முடிச்சை இடுப்பின் இடப்பக்கம் தள்ளிக் கட்டத் தொடங்கினேன்.

அறுவை செய்த இடத்துக்கே திரும்பிப் போனேன். இளம் டாக்டர் ஒருவர், "ஊலே (மாமா), உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதே, அதனால்தான்" என்று சொல்லி ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். காயம் மூடிக்கொண்டது. மாத்திரை முடிந்து பத்து நாளில் அதே இடம் மறுபடியும் திறந்தது. வேறு மாத்திரை தந்தார்கள், மூடியது, திறந்தது. மூன்றாம் முறை நானே மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கினேன். எங்கள் ஊரில் அது எவ்வளவு எளிது என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். நான் செய்த பெரிய தவறு அதுதான். இரண்டாவது தவறு, என் சர்க்கரை அளவைப் பற்றி டாக்டரிடம் கூட்டிக் குறைத்துச் சொன்னது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையில் அப்போது 9.1 இருந்தது, "கட்டுக்குள்தான் இருக்கிறது" என்று சொல்லி வைத்திருந்தேன்.

இதற்கிடையில் சீழைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் "கிருமி வளரவில்லை" என்று முடிவு வந்தது. அந்தத் தாளைப் பார்த்து நானும் என் மனைவியும் மகிழ்ந்துபோனோம். கிருமியே இல்லை என்றால் காயம் ஏன் கசிகிறது என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரிக் கடைசியில், மைத்துனர் பிடிவாதமாக அழைத்துப் போனதால், ஓய்வுபெற்ற மூத்த அறுவை மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேட்டார்: துளை போட்டுச் செய்த அறுவையா, எத்தனையாவது வாரத்தில் முண்டு தோன்றியது? ஐந்தாவது வாரம் என்றதும் தலையை ஆட்டினார். சாதாரணச் சீழ்க்கிருமி என்றால் பெரும்பாலும் முதல் ஓரிரு வாரத்திலேயே வந்திருக்கும் என்றும், ஒரு மாதம் பதுங்கியிருந்து வருவது காசநோய்க் கிருமியின் பங்காளிகளான வேறு மைக்கோபாக்டீரியங்களாக இருக்கலாம் என்றும், அவை குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழ்பவை என்றும், குளோரினுக்குக்கூட எளிதில் சாகாதவை என்றும் பொறுமையாக விளக்கினார். லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் பலவற்றில் மூட்டுகளும் மின்காப்பு உறைகளும் இருப்பதால் அவற்றை அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்க முடியாமல் குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைப்பது உண்டு. முழுமையாகக் கிருமி நீக்க அதில் பத்து மணி நேரம்வரை ஊற வேண்டும். ஆனால் ஒரே நாளில் பல அறுவைகள் இருக்கும்போது இருபது நிமிடத்தில் எடுத்துத் தண்ணீரில் அலசிவிடுவதும் உண்டு. என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அன்று எனக்கு முன்னால் மூன்று பேருக்கு அதே அறையில் அறுவை நடந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அவர் பஞ்சுக்குச்சியை நம்பவில்லை. காயத்தின் அடியிலிருந்து ஒரு துண்டுச் சதையை வெட்டி எடுத்து, சோதனைச்சாலைச் சீட்டில் எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்றும், கல்ச்சர் தட்டுகளை இரண்டு நாளில் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும் என்றும் தம் கையாலேயே எழுதினார். சாயச் சோதனையில், அமிலத்தால் கழுவினாலும் சாயம் போகாத கிருமி தெரிந்தது. காசநோய்க் கிருமிக்கும் அதே குணம் உண்டு. செய்தி வீட்டுக்கு வந்த அன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, என் தட்டும் டம்ளரும் தனியாக ஒதுங்கிவிட்டன. நான்கு நாள் கழித்து காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை காசநோய் இல்லை என்றது. கல்ச்சர் தட்டில் ஐந்தாம் நாளே கிருமி வளர்ந்திருந்தது. காசநோய்க் கிருமி இத்தனை வேகமாக வளராது, வாரக்கணக்கில் ஆகும். காசநோய் மருந்துகளை அவசரப்பட்டுத் தொடங்கியிருந்தால் அவற்றில் முக்கியமான சில மருந்துகள் இந்தக் கிருமியை அசைத்துக்கூடப் பார்த்திருக்காது என்றார் டாக்டர்.

சதைக்குள் ஓடியிருந்த சீழ்ப்புழையை முழுவதுமாக வெட்டி எடுத்தார்கள். அத்துடன் கிளாரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டையும் காலையும் மாலையும் ஆறு மாதம் சாப்பிட வேண்டும், முதல் நான்கு வாரம் தினம் ஓர் அமிகாசின் ஊசியும் உண்டு என்று முடிவாயிற்று. நான் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த கொழுப்புக் குறைப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டினை அன்றே நிறுத்தச் சொன்னார். கிளாரித்ரோமைசினுடன் சேர்ந்தால் அது தசையைக் கெடுத்துவிடுமாம். கூடவே எந்த மருந்து சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்வது எவ்வளவு அவசியம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிளாரித்ரோமைசினின் கசப்பைச் சொல்லி மாளாது. செப்புக் காசை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நடப்பதுபோல் இருக்கும்; மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவும் ரசமும் ஒரே ருசியாகிவிட்டன. சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு சாப்பிட்டால் மருந்து உடலில் சேராது என்பதால், முப்பது வருடமாகக் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து குடித்துவந்த லபெயே என்ற பால் டீயை வெறும் டீயாக மாற்றினேன். மாத்திரைகள் வகைக்கு 360 வேண்டும். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு இறக்குமதி மருந்து ஒரு வாரம் கிடைக்கும், மறு வாரம் கிடைக்காது, விலையும் நிற்காது. ஆகவே மனைவியின் ஒரு ஜோடி வளையலை விற்று மூன்று மாதத்துக்கானதை ஒரே தவணையில் வாங்கி வைத்தோம்.

அமிகாசின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியது. வாரம் ஒரு முறை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனை பார்த்தோம். காதில் வண்டு ரீங்கரிப்பதுபோல் சத்தம் கேட்டால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் வந்து சொல்ல வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், இரவில் மின்சாரம் போய் விசிறி நின்ற பிறகு, அந்த அமைதியில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தவளைச் சத்தத்தையும் ஜெனரேட்டர் சத்தத்தையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

ஊசியின் கடைசி நான்கு நாட்கள் சரியாகத் திஞ்ஜானில், அதாவது ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் பர்மியப் புத்தாண்டு விழாவில், விழுந்தன. கிளினிக்குகள் மூடியிருந்தன. மூன்று தெரு தள்ளி, ஓய்வுபெற்ற தமிழ்த் தாதி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. "தம்பி, நீ வா, நான் போட்டுவிடுகிறேன், ஆனால் காயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருந்தால் உள்ளே விடமாட்டேன்" என்றார். எந்தத் தண்ணீரிலிருந்து இந்தக் கிருமி வந்ததோ, அந்தத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றும் பிள்ளைகளைத் தாண்டி, உளுந்து மூட்டைக்கு உள்ளுறையாகப் போடும் பிளாஸ்டிக் தாளை வயிற்றில் சுற்றிக்கொண்டு, பின் சந்துகள் வழியாக நான்கு நாளும் போய்வந்தேன். தலையும் முதுகும் நனைந்தன, வயிறு நனையவில்லை. அக்கா கட்டைப் பிரித்துப் பார்த்து, காய்ச்சி ஆறிய தண்ணீரைக்கூட விடாமல், சலைன் மட்டும் ஊற்றித் துடைத்து மறுகட்டுப் போட்டார்.

கசிவு மே மாத நடுவில் நின்றது. மருந்தை நிறுத்த மனம் துடித்த நேரம் அதுதான். கசப்பு நாக்கை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. சர்க்கரைச் சராசரி 7.2க்கு இறங்கியிருந்ததைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, இன்னும் நான்கு மாதம் என்று விரலைக் காட்டினார். செப்டம்பரில் நிறுத்தினேன். அதன் பிறகு ஓராண்டு பார்த்தாயிற்று. அந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் மட்டும் இருக்கிறது.

கடைசித் தவணையில் பதினான்கு மாத்திரை மிஞ்சியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருமலுக்கு அதில் நாலு கேட்டார். நான் தரவில்லை. இரண்டு வாரம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.