லாக்புக்கில் ஏறாத மணிநேரம்

வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கேட்பது மொத்தம் 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரம் நாமே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணம், இரவில் பறப்பது, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது எல்லாம் தனித்தனிக் கணக்கு. மகாராஷ்டிரத்தில் விதர்பா பக்கம் நான் பயின்ற விமானப் பள்ளியின் விடுதியில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எத்தனை மணி ஆச்சு?" என்பதுதான். பறந்த நேரத்தை எழுதிவைக்கும் லாக்புக்கின் கணக்கு வேண்டியதுதான். ஆனால் என்னை நம்பி ஒரு விமானத்தைக் கொடுக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்த வேலைகளில் பாதி அந்தக் கணக்கில் வராதவை. புதிதாகச் சேரப்போகிறவர்களுக்காக அவற்றை எழுதுகிறேன்.

அதற்கு முன் மெடிக்கல். பயிற்சியைத் தொடங்க இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும் என்பதால் பலர் அதோடு பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். உரிமம் கைக்கு வர முதல் வகுப்புச் சான்று வேண்டும். நிறப்பார்வையிலோ இதயத்துடிப்பிலோ ஏதாவது இருந்தால் அங்கேதான் தெரியவரும். நிலத்தை அடமானம் வைத்த பிறகு தெரிந்து என்ன பயன்? முதல் வகுப்பை முடித்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

தேர்வுத் தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். கேள்வி வங்கியை மனப்பாடம் செய்தும் தேறிவிடலாம். வானிலைத் தாளை மட்டுமாவது புரிந்து படியுங்கள். மாலையில் எழும் இடிமேகத்துக்கு உங்கள் மதிப்பெண் தெரியாது.

சரி, விமானத்துக்கு வருவோம். நாங்கள் ஓட்டியது செஸ்னா 172ஆர் என்ற ஒற்றை எஞ்சின் சிறுவிமானம். இறக்கைக்கு ஐந்து, வயிற்றுப் பக்கம் மூன்று என எரிபொருளை வடித்துப் பார்க்க 13 இடங்கள் உண்டு. விடியற்காலையில், அடுத்தவன் காத்திருக்கும்போது, நாலைந்து இடத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் கை போகும். என் பயிற்றுநர் பக்கத்தில் நின்று, எதுவும் பேசாமல், பதின்மூன்றும் முடியும்வரை பார்ப்பார். வடித்த குப்பியை வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்வார். இந்த விமானத்துக்கான 100எல்எல் வகைப் பெட்ரோல் என்றால் இளநீலம் தெரிய வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் முத்துமாதிரி தனியாக நிற்கும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடே தெரியாது, அப்போது நிறம்தான் காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் அளவையும் மீட்டரை நம்பாமல், இறக்கைமேல் ஏறிக் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும்.

மே மாதம் இன்னொரு பாடம். ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரம். அந்த உயரத்தில் காற்று 13 டிகிரி இருக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. விதர்பாவில் 43 டிகிரி. கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி சேர்த்தால், விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் 4,600 அடியில் நிற்கிறீர்கள். ஏற்காட்டில் ஓடுதளம் போட்டுக் கிளம்புவதுபோல. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் காற்று மெலிந்துவிடும், ஓட்டம் நீளும், ஏறுவது மந்தமாகும். ஆகவே எடைக் கணக்கைக் கையால் போடுங்கள். "போன வாரம் இதே எடையில் போனோமே" என்பது கணக்காகாது.

நான் ரசித்த பயிற்சி, எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வது. 2,000 அடியில் பயிற்றுநர் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை இழுத்துவிட்டு, "எங்கே இறக்குவாய்?" என்பார். மூக்கைத் தாழ்த்தி வேகத்தை 65 நாட், அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்தால் சுமார் ஐந்து கிலோமீட்டர் மிதக்கலாம். எதிர்காற்று இருந்தால் அதுவும் குறையும். கீழே கண்ணுக்கு எட்டியவரை நெல்வயல். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்ததால் எனக்கு வரப்பு முதலில் கண்ணில் பட்டது. குறுக்கே இறங்கினால் முன்சக்கரம் வரப்பில் மோதும், அதனால் நீளவாக்கில் இறங்க வேண்டும். நாற்று நட்ட வயலில் சேறு சக்கரத்தைப் பிடித்துக் கவிழ்த்துவிடும், அறுவடை முடிந்த தாள்நிலம் பரவாயில்லை. அதன்பிறகு தனியாகப் பறக்கும்போதும் கண் தானாக வயல் தேடும். ரேடியோவில் பேசுவது கடைசி. முதலில் விமானத்தை ஓட்டு, அடுத்து இடத்தைப் பார், அப்புறம் பேசு.

இறங்குவதில் எல்லோருக்கும் ஒரு ரோஷம் உண்டு. உயரமாக வந்துவிட்டோம், வேகம் அதிகம், இருந்தாலும் எப்படியாவது வைத்துவிடலாம் என்று தோன்றும். கடைசித் திருப்பத்தில் ஓடுதளத்தைத் தாண்டிப் போனால் இன்னும் சாய்க்கத் தோன்றும். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், 41 சதவீதம் கூடிவிடும் என்பதை அங்கே யாரும் நினைப்பதில்லை. த்ராட்டிலைத் தள்ளி மறுபடி ஏறுவதுதான் கோ-அரவுண்ட். எங்கள் பயிற்றுநர்கள் அதற்குத் திட்டியதே இல்லை. மங்களூரில் 2010 மே 22-இல் 158 பேர் இறந்த விபத்து விசாரணையில், துணை விமானி கோ-அரவுண்ட் போகச் சொல்லியும் கேப்டன் இறங்கும் முயற்சியைக் கைவிடவில்லை என்று பதிவாகியிருக்கிறது. அவருக்கு 10,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அலுவலகத்தில் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மெஸ்ஸில் சாப்பிடும் சீனியர்களிடம் மூன்றைக் கேளுங்கள்: இன்று எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், வானிலை சரியில்லை என்று மாணவன் சொன்னால் பள்ளி என்ன செய்கிறது. மூன்றாவதற்கு வரும் பதில் இழுவையாக இருந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.